நாற்பத்தெட்டு மணி நேரம் இருக்கு, அந்த ஆறு மணி நேரம் எங்கே?

ஜூலை மாசத்து சனிக்கிழமை. குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது. ஐந்தருவியில் குளித்த கையோடு பிரானூர் பார்டருக்குப் போய் பரோட்டா சாப்பிடலாம் என்று நாலு பேர் இரண்டு பைக்கில் கிளம்புகிறார்கள். செங்கோட்டை ரோட்டில் முன்னால் ஒரு லாரி. கேரளாவுக்கு ஜல்லி ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகப் போகிறதே, அந்த வரிசையில் ஒன்று. முந்தப் போன பைக் ஈர ரோட்டில் சறுக்குகிறது. பின்னால் உட்கார்ந்திருந்தவனின் முழங்கால் லாரியில் இடித்து, மடங்கக் கூடாத பக்கம் மடங்கி, திரும்ப நேராகிறது.

ரத்தம் பெரிதாக இல்லை. கொஞ்சம் சிராய்ப்பு, முழங்காலில் வீக்கம். "எண்ணே, காலு மரத்துப் போச்சு" என்கிறான். "ஒண்ணுமில்லல, சவ்வு கிழிஞ்சிருக்கும்" என்கிறார் கூட வந்தவர்.

இது கற்பனைதான். ஆனால் தென்காசிப் பக்கம் வளர்ந்த யாரும் இந்தக் கதையைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். பெயரும் ரோடும் மாறும், அவ்வளவுதான். மீதியை ஒரு கணக்குப் பிள்ளை மாதிரி எழுதிப் பார்ப்போம்.

மாலை 4.00 மணி, விபத்து. 108 வந்து ஏற்றி முதல் ஆஸ்பத்திரியில் இறக்கும்போது 5.00. எக்ஸ்-ரே எடுத்து "எலும்பு உடையல, பயப்படாதீங்க" என்று சொல்லிக் காலுக்குக் கட்டுப் போடும்போது 6.00. "பாதம் ஐஸ் மாதிரி இருக்கே" என்று யாரோ ஒருவர் (பெரும்பாலும் அம்மாதான்) கண்டுபிடிக்கும்போது 7.30. ரெஃபர் சீட்டு எழுதி, மறுபடி ஆம்புலன்ஸ் வந்து கிளம்ப 8.15. தென்காசியிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கு சுமார் 55 கிலோமீட்டர், 9.30. அங்கே முதலிலிருந்து எல்லாம் ஒருமுறை. சி.டி. ஆஞ்சியோ எடுத்து ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்று தெரியும்போது 11.00. அந்த இரவில் ரத்தக்குழாயைத் தைக்கத் தெரிந்தவர் கையில் இருந்தால் சரி. இல்லாவிட்டால் மதுரை, இன்னொரு மூன்று மணி நேரம். அதிகாலை 2.30க்கு ஆபரேஷன் தியேட்டர் வாசல்.

பத்தரை மணி நேரம். இதில் யாரும் தூங்கவில்லை, யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் குடித்துவிட்டு டியூட்டிக்கு வரவில்லை. எல்லோரும் அவரவர் வேலையைத்தான் செய்தார்கள். எந்த ஒரு ஆஸ்பத்திரியின் மேலும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ரோட்டின் நீளத்தையும் நம் ஊர் நடைமுறையையும் சேர்த்துப் போட்ட கூட்டல் இது. கூட்டினால் வருவது ஒரு கால்.

என்ன நடந்தது அந்தக் காலுக்குள்? முழங்காலுக்குப் பின்னால், மடக்கும் குழியில், பாப்லிட்டியல் தமனி ஓடுகிறது. கணுக்கால் வரைக்கும் ரத்தம் போக அதுதான் மெயின் லைன். இந்தக் குழாய் மேலேயும் கீழேயும் தசைநார்களுக்கு நடுவில் கட்டிப் போட்டது மாதிரி இருக்கிறது. மூட்டு விலகினால் குழாயால் விலக முடியாது, இழுபடும். வெளிச்சுவர் தாங்கிக்கொள்ளும், உள்சுவர் கிழியும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைய ஆரம்பிக்கும். சில பேருக்கு முதலில் நாடி இருக்கும், ஒரு மணி நேரம் கழித்துக் காணாமல் போகும். முழங்காலைச் சுற்றி சின்னச் சின்னக் கிளைக் குழாய்கள் உண்டு. மெயின் குழாய் அடைத்தால் மொத்த பாரத்தையும் தாங்க அவற்றால் முடியாது. மூட்டு விலகித் தானாகவே திரும்பப் பொருந்திவிட்டால் எக்ஸ்-ரேயில் எலும்பு ஜம்மென்று இருக்கும். ஆபத்தே அங்கேதான். நம் ஜனங்களுக்கு எக்ஸ்-ரே என்பது தீர்ப்பு. அது எலும்பைக் காட்டும், ரத்தத்தைக் காட்டாது என்பதை யாராவது சொன்னால்தானே தெரியும்?

ரத்தம் போகாத தசையும் நரம்பும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். இது கடிகாரம் வைத்து அடித்த கோடு இல்லை. சிலருக்கு முன்னாலேயே முடிந்துவிடும், சிலருக்குக் கொஞ்சம் நீளும். ஆனால் உலகம் முழுக்க அறுவை மருத்துவர்கள் மனதில் வைத்திருக்கும் எண் ஆறு.

இனி அரசாங்கத்தின் எண்ணுக்கு வருவோம். 2021 டிசம்பர் 18ஆம் தேதி மேல்மருவத்தூரில் "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை, அரசு ஆஸ்பத்திரியானாலும் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியானாலும். தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்ச ரூபாய் உச்சவரம்பு. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. "அட்வான்ஸ் கட்டு, அப்புறம் பார்க்கலாம்" என்ற வார்த்தையைக் கேட்டு வாசலிலேயே செத்தவர்கள் எத்தனை பேரோ. விபத்து எண்ணிக்கையில் 2022இல் இந்தியாவிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான், 64,105. அப்படிப்பட்ட மாநிலத்துக்கு இது அவசியமும்கூட.

ஆனால் அந்த 48 என்பது பணத்துக்குப் போட்ட கடிகாரம். தசைக்கு அந்தக் கடிகாரம் தெரியாது. மேலே போட்ட கணக்கில் அந்தப் பையனிடம் யாரும் ஒரு பைசா கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே ஃப்ரீ. காலும் ஃப்ரீயாகவே போயிற்று.

"டெக்னாலஜி இல்லை சார், அதான்" என்று சமாதானம் சொல்பவர்கள் கொஞ்சம் வரலாற்றைப் புரட்ட வேண்டும். 1894இல் பிரான்ஸ் ஜனாதிபதி சாதி கார்னோவை லியோன் நகரில் ஒருவன் கத்தியால் குத்தினான். ஒரு பெரிய ரத்தக்குழாய் அறுந்தது. அதைத் தைக்க அன்றைக்கு யாருக்கும் வழி தெரியவில்லை, மனிதர் இறந்துபோனார். அதே ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்ஸிஸ் காரெல் இதை விடவில்லை. எம்பிராய்டரி போடும் ஒரு பெண்மணியிடம் போய் மெல்லிய ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு, 1902இல் ரத்தக்குழாயின் இரண்டு முனைகளை ஒட்டித் தைக்கும் முறையை வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு. ஆக, ஊசியும் நூலும் முறையும் நூறு வருஷத்துக்கு மேல் பழசு.

அப்படியிருந்தும் இரண்டாம் உலகப் போரில் என்ன நடந்தது? டிபேக்கி, சிமியோன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1946இல் வெளியிட்ட கணக்கில் 2,471 தமனிக் காயங்கள். தைத்தது வெறும் 81. மற்றதில் பெரும்பாலும் ரத்தம் நிற்கக் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். முழங்காலுக்குப் பின்னால் உள்ள தமனியில் அடிபட்டவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் காலை இழந்தார்கள். தைக்கத் தெரியாமல் அல்ல. அடிபட்டவர் அறுவை மேசைக்கு வந்து சேரவே 10 மணி நேரத்துக்கு மேல் ஆனது. சில வருஷம் கழித்து கொரியப் போர். ஹெலிகாப்டர் வந்தது, சண்டை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அறுவைக் கூடாரம் வந்தது, தைப்பதே வழக்கமானது. தமனிக் காயங்களில் கால் கை எடுக்க நேர்ந்தது சுமார் 13 சதவீதமாகக் குறைந்தது.

இப்போது மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பாருங்கள். பத்தரை மணி நேரம்! நாலு வழிச்சாலை போட்ட பிறகும் தென்காசிக்காரன் கால் இரண்டாம் உலகப் போரில்தான் இருக்கிறது.

"அதனால்தான் தென்காசிக்கு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்கிறோம்" என்று உடனே ஒரு கோஷ்டி எழுந்து நிற்கும். நியாயமான கோரிக்கைதான். 2019 நவம்பரில் மாவட்டம் ஆனோம். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள், பட்டியலில் தென்காசி இல்லை. ஆதங்கம் புரிகிறது. ஆனால் கல்லூரி வந்தால் கால் தப்பிக்கும் என்பது அடுக்குமாடி கட்டினால் பஸ் நேரத்துக்கு வரும் என்பது மாதிரி. ரத்தநாள அறுவைக்கு எம்.சி.ஹெச். படித்தவர்கள் மாநிலத்திலேயே கொஞ்சம் பேர். புதுக் கட்டடத்தில் போர்டு மாட்டிய மறுநாள் அவர் வந்து உட்கார்ந்துவிட மாட்டார். அதுவரைக்கும் எத்தனை சீசன்? கல்லூரிக் கோரிக்கை மேடையில் கைதட்டல் வாங்கும். "தென்காசிக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் வேண்டும்" என்று எந்த வேட்பாளராவது பேசுவாரா?

ஆமாம், பிளாஸ்டிக் குழாய். ஷண்ட் என்பார்கள். அறுந்த தமனியின் மேல் முனையில் ஒரு பக்கமும் கீழ் முனையில் மறுபக்கமும் செருகி நூலால் கட்டிவிட்டால் ரத்தம் அந்தக் குழாய் வழியாகப் பாதத்துக்குப் போக ஆரம்பிக்கும். தற்காலிக ஏற்பாடு, சில மணி நேரம் தாங்கும். அந்தச் சில மணி நேரம்தானே வேண்டும்? இராக் போரில் முன்களத்தில் இருந்த சிறிய அறுவைக் குழுக்கள் இதைப் போட்டுத்தான் காயம்பட்டவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டரில் அனுப்பின. அந்தக் குழுக்களில் இருந்த எல்லோரும் ரத்தநாள நிபுணர்கள் இல்லை, பொது அறுவை மருத்துவர்களும் செய்தார்கள். இதற்கென்றே செய்த குழாய் கிடைக்காத இடங்களில் சுத்தமான சலைன் டியூபை வெட்டிப் போட்டுக் காலைக் காப்பாற்றியவர்களும் உண்டு.

எலும்பு டாக்டருக்கும் ரத்தநாள டாக்டருக்கும் உள்ள பழைய வாய்க்கா தகராறையும் இந்தக் குழாய் தீர்த்துவைக்கிறது. எலும்பை முதலில் நிறுத்தினால் ரத்தம் இல்லாமல் நேரம் போகும். குழாயை முதலில் தைத்தால் எலும்பை இழுத்துப் பொருத்தும்போது தையல் பிய்யும். ஷண்டைப் போட்டுவிட்டால் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், எலும்பை வெளியிலிருந்து கம்பி போட்டு நிறுத்தலாம், அப்புறம் சாவகாசமாகத் தைக்கலாம். கடைசித் தையலுக்கு மற்றக் காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அறுந்த இடத்தில் பாலம் மாதிரி வைப்பார்கள். தலைகீழாக ஏன்? சிரைக்குள் ஒருவழிப்பாதை மாதிரி வால்வுகள் இருக்கின்றன. திருப்பாமல் வைத்தால் ரத்தம் ரிவர்ஸில் முட்டி நிற்கும். இந்த நுணுக்கமான வேலைக்கு மதுரைதான் போக வேண்டுமென்றால் போகலாம், அங்கே அரசு ராஜாஜி மருத்துவமனையில் ரத்தநாள அறுவைக்குத் தனித்துறை இருக்கிறது. ஆனால் உயிரோடு உள்ள காலோடு போக வேண்டும்.

அப்புறம் ஏன் முதல் ஆஸ்பத்திரியில் செய்வதில்லை? பி.காம். பாடத்தில் எக்ஸ்டெர்னாலிட்டி என்று ஒன்று வரும். ஒருவர் எடுக்கும் முடிவின் செலவு அவர் கணக்கில் ஏறாமல் இன்னொருவர் தலையில் விழுவது. ரெஃபர் சீட்டு அதற்கு அருமையான உதாரணம். எழுதுபவருக்குச் செலவு ஒரு பேனா மை. கையை வைத்து ஏதாவது ஆனால்? உறவினர் கூட்டம் கண்ணாடியை உடைக்கும், வக்கீல் நோட்டீஸ் வரும், மேலதிகாரி "உன்னை யார் செய்யச் சொன்னது" என்பார். அனுப்பிவிட்டால் அந்தக் கால் அடுத்த ஊரின் புள்ளிவிவரம். இதில் டாக்டரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அனுப்பாமல் கை வைத்தவருக்குத் தண்டனையும், அனுப்பியவருக்கு நிம்மதியும் தருகிற அமைப்பில் யாராக இருந்தாலும் பேனாவைத்தான் எடுப்பார்கள். மாற்ற வேண்டியது கணக்கு எழுதும் முறையை. எத்தனை பேரை அனுப்பினீர்கள் என்று கேட்காமல், எத்தனை மணிக்கு வந்தவரை எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள், அனுப்பும்போது பாதத்தில் நாடி இருந்ததா என்று கேட்கட்டும். கேள்வி மாறினால் நடத்தை மாறும்.

இது முடியாத காரியமும் இல்லை. மாரடைப்புக்கு இதே தமிழ்நாட்டில் செய்து காட்டியிருக்கிறார்கள். சிறிய ஆஸ்பத்திரிகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியோடு இணைத்து, ஈ.சி.ஜி.யை முன்கூட்டியே அனுப்பி, யார் எங்கே போக வேண்டும் என்று முதல் இடத்திலேயே முடிவு செய்யும் ஏற்பாடு. 2012 முதல் 2014 வரை நடத்திப் பார்த்து, முடிவுகளை 2017இல் சர்வதேச மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நெஞ்சுக்கு ஒரு நியாயம், காலுக்கு ஒரு நியாயமா? தென்காசியில் நாடி இல்லாத கால் வந்தால் யாருக்கு போன் செய்வது, ஹைகிரவுண்டா, மதுரையா, மலை தாண்டி திருவனந்தபுரமா என்பதை அந்த ராத்திரியிலா உட்கார்ந்து யோசிப்பது? ஒரு போன் நம்பர், ஒரு முடிவு, ஒரே பயணம். நடுவில் இறக்கி ஏற்றும் வேலையே கூடாது.

கண்டுபிடிக்க என்ன வேண்டும் என்று கேட்டால் சிரிப்பீர்கள். விரல். பாதத்தின் மேலும், உள் கணுக்காலுக்குப் பின்னாலும் தொட்டுப் பார்க்க விரல். அது போதாவிட்டால் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கையடக்க டாப்ளர். கணுக்காலில் பி.பி. பட்டையைக் கட்டி வரும் மேல் அளவைக் கையில் வரும் மேல் அளவால் வகுக்க வேண்டும். 0.9க்குக் கீழே போனால் சந்தேகப்படு. ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு. முழங்காலில் பலத்த அடி என்று வரும் ஒவ்வொருவருக்கும் இதை வந்தவுடனும், அப்புறம் மணிக்கொரு தடவையும் பார்த்து எழுதினால் மேலே சொன்ன 7.30 என்பது 5.10 ஆகியிருக்கும்.

தூரம் மட்டும்தான் வில்லன் என்று நினைத்தால் அதுவும் தப்பு. 2022 நவம்பரில் சென்னையில் நடந்தது நினைவிருக்கும். 17 வயது கால்பந்து வீராங்கனை. முழங்கால் சவ்வுக்கு அரசு புறநகர் மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன். அதன் பிறகு போட்ட இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தியது. காலை எடுத்தார்கள், அப்படியும் நவம்பர் 15ஆம் தேதி அந்தப் பெண் இறந்துபோனாள். லாரியும் இல்லை, மலைப்பாதையும் இல்லை. தலைநகரத்தில், பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் கூப்பிடு தூரத்தில். கட்டுக்குக் கீழே தெரியும் விரலை நேரத்துக்கு ஒருவர் பார்த்து, உடனே கட்டைப் பிரித்திருந்தால்...

நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். அருவிக்கரையில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கினால் முதலில் தேடுவது எண்ணெய் மசாஜ் போடுபவரை. நீவிவிட்டால் சரியாகிவிடுமாம். அடுத்து மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுபவர். உள்ளே ரத்தம் நின்றுபோன காலை வெளியிலிருந்தும் இறுக்கினால் என்ன மிஞ்சும்? பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கக் கட்டுகிறோம், அது கூடாது. அரிவாள் வெட்டில் தொடையிலிருந்து ரத்தம் பீய்ச்சி அடிக்கும்போது காப்பித்தூளைத் தேடுகிறோம். அங்கேதான் துணியை வைத்து முழு பலத்தோடு அழுத்த வேண்டும், நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டி, கட்டிய மணியை எழுதி வைக்க வேண்டும். எங்கே கட்டக் கூடாதோ அங்கே கட்டுவது, எங்கே கட்ட வேண்டுமோ அங்கே கையைப் பிசைவது!

இன்னொன்று. ரத்தம் திரும்ப ஓட ஆரம்பித்ததும் செத்துக்கொண்டிருந்த தசை பயங்கரமாக வீங்கும். உறை மாதிரி இருக்கும் தசைப்படலத்துக்குள் வீங்க இடமில்லாமல் தன் குழாயைத் தானே நெரிக்கும். அதனால் முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி, நாலு அறைகளையும் திறந்துவிட்டு, தைக்காமல் விடுவார்கள். ஃபேஷியாட்டமி. பார்க்கக் கோரமாகத்தான் இருக்கும். "நல்லா இருந்த கால இப்படிக் கிழிச்சுப் போட்டுட்டானுவளே" என்று வார்டில் சண்டை போடுவார்கள் உறவினர்கள். அந்தக் கீறல்தான் காலைக் காப்பாற்றுகிறது என்று அவர்களிடம் முன்பே உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேச ஒரு ஆள் வேண்டும்.

எல்லாக் காலையும் காப்பாற்றலாம் என்று யாரும் சொல்லவில்லை. நேரம் கடந்த காலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டால் செத்த தசையிலிருந்து கிளம்பும் நஞ்சு சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கி ஆளையே கொல்லும். அப்போது எடுப்பதுதான் சரி, எடுப்பவர் கொடுமைக்காரர் இல்லை. எதை வைத்துக்கொள்ளலாம், எதை எடுக்க வேண்டும் என்று மதிப்பெண் போட்டு முடிவெடுக்க 1990இலேயே அமெரிக்காவில் ஒரு அளவுகோல் வந்தது. ரத்தக்குழாய் அறுபடாத திறந்த எலும்பு முறிவுகளுக்கு நம் கோவை கங்கா மருத்துவமனை உருவாக்கி 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறையை உலகம் எடுத்துப் பயன்படுத்துகிறது. மூளைக்குப் பஞ்சமில்லாத மாநிலம்தான் இது. ஆனால் அமெரிக்க அளவுகோலில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ரத்தம் இல்லாமல் ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் அந்தப் பகுதிக்கான மதிப்பெண் இரட்டிப்பாகிவிடும். அதாவது அதே அடி, அதே லாரி, அதே முழங்கால். வைத்துக்கொள்ளலாம் என்ற கட்டத்திலிருந்து எடுத்துவிடலாம் என்ற கட்டத்துக்கு ஒரு காலைத் தள்ள அந்த ரெஃபர் பயணமே போதும்.

"உயிர் பிழைச்சதே பெரிசு" என்று ஆறுதல் சொல்லிவிட்டு நாம் கிளம்பிவிடுவோம். கொத்தனாருக்கோ லோடுமேனுக்கோ தேங்காய் பறிப்பவருக்கோ ஒரு கால் என்பது முதலீடு, மெஷின், குடோன் எல்லாமே. அது போன மறுமாசத்திலிருந்து அந்த வீட்டின் மொத்த வரவும் ஆலங்குளத்திலோ கடையத்திலோ ஒரு திண்ணையில் மடியில் பீடித்தட்டை வைத்து உட்கார்ந்திருக்கும் மனைவியின் விரலில் வந்து நிற்கிறது. கையடக்க டாப்ளரின் விலையை அந்தப் பீடிக் கூலியில் வகுத்துப் பார்க்கும் வேலையை, அடுத்த ஜூனில் சாரல் தொடங்குவதற்குள், சுகாதாரத்துறையில் யாராவது ஒருவர் செய்யட்டும்.